‘தெரியாது’ வேறு, ‘தமிழில் சொல்லத் தெரியாது’ வேறு

கேள்வி: நான் பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம். திருப்பூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இன்டர்ன்ஷிப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் 34 பேர். அதில் 11 பேர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள். கேள்வி கேட்டால் பாதிப் பேர் சிரித்துவிட்டுச் சும்மா நிற்கிறார்கள். பீகாரிலிருந்து வந்த ஒரு பையன் வாயே திறப்பதில்லை. வழிகாட்டி ஆசிரியர், "அதுங்க ரெண்டு மாசத்துல ஊருக்குப் போயிடும்மா, நீ லெசன் பிளானை முடி" என்கிறார். போன வாரம் அந்தப் பையன் கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றை அவர் கத்தரித்து எறிந்தார். இரண்டு நாள் பையன் பள்ளிக்கே வரவில்லை. ‘உள்ளடக்கிய பள்ளி’ தாளில் எனக்கு நல்ல மார்க், ஆனால் இந்த வகுப்பில் அதில் ஒரு வரிகூட உதவவில்லை. நான் இந்தி கற்றுக்கொள்ள வேண்டுமா? பக்கத்தில் உட்காரும் பெண் மொழிபெயர்த்துச் சொல்கிறாள், அது சரியா? கல்லூரியில் பன்முகத்தன்மை பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்தி ரெக்கார்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், ‘பாரம்பரிய உடை தினம்’ வைக்கலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

உடை தினம் வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு நீங்கள் சார்ட் வாங்கவே கிளம்பியிருப்பீர்கள். அந்தப் பதினோரு பேரின் அப்பா அம்மா காலையில் ஜீன்ஸும் சுடிதாரும் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போகிறவர்கள். பாரம்பரிய உடை என்று நீங்கள் நோட்டில் எழுதி அனுப்பினால், லைன் வீட்டில் ஒரு அறையில் குடியிருக்கிற அந்த அம்மா எங்கே போய் வாங்குவார்? வாங்கிப் போட்டு அனுப்பினாலும் நடக்கப்போவது ஒன்றுதான். நேற்றுவரை சும்மா ‘இந்திக்காரப் பையன்’ என்று இருந்தவன் இன்றைக்கு மேடையேற்றி வேடிக்கை பார்க்கப்படும் இந்திக்காரப் பையன் ஆவான். அதற்கு மாற்றாகப் பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது, செலவும் கிடையாது, உங்கள் கணக்குப் பாடத்துக்குள்ளேயே வரும். கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

நான் டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம்) 22 வருடம் பயிற்சி ஆசிரியர்களோடு இருந்தவள், அதற்கு முன்னால் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. நீங்கள் எழுதியது எனக்குப் புதிதில்லை. தாளில் நல்ல மார்க் வாங்கியும் வகுப்பில் கை ஓடவில்லை என்றால் அது உங்கள் குறையும் இல்லை. அந்தத் தாளில் பன்முகத்தன்மை என்பதற்கு வரையறை கேட்பார்கள், வகைகள் கேட்பார்கள், ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று முடித்தால் ஒரு மார்க் கூடப் போடுவார்கள். முன்னால் நிற்கிற பிள்ளைக்குக் கணக்கு தெரியவில்லையா, கணக்கு தெரிந்தும் அதைத் தமிழில் சொல்லத் தெரியவில்லையா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி என்று எந்தத் தாளும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் இந்த இன்டர்ன்ஷிப்பில் நீங்கள் பழக வேண்டியது அது ஒன்றைத்தான்.

அதை நான் பழகியது ஒரு தப்பு செய்துதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு நரிக்குறவர் வீட்டுப் பெண் இருந்தாள். வீட்டில் அவர்கள் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்திக்கு உறவான மொழி என்பதெல்லாம் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும், அன்றைக்கு அது எனக்குப் ‘புரியாத பாஷை’, அவ்வளவுதான். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் விழிப்பாள், பேப்பரில் பெருக்கல் போட்டால் எல்லாம் தப்பு. மந்தம் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். ஒரு திருவிழாவில் அவளும் அவள் அம்மாவும் ஊசிமணி பாசிமணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாள் மூன்று ரூபாய் மாலையில் ஏழு எடுத்துக்கொண்டு ஐம்பது ரூபாயை நீட்டினார். அந்தப் பெண் விரல்கூட மடக்கவில்லை, இருபத்தொன்பது ரூபாயை எண்ணிக் கையில் வைத்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். திங்கட்கிழமை நான் அவளிடம் அதே கணக்கைப் பேப்பரில் கொடுத்தேன், மறுபடியும் தப்பு. அவளுக்குக் கணக்கு வந்தது, நான் கேட்ட விதம்தான் வரவில்லை.

இப்போது உங்கள் பீகார் பையனுக்கு வருவோம். அவன் ஏன் பேசாமல் இருக்கிறான் என்று இங்கிருந்தபடி எனக்குத் தெரியாது, ஆனால் எங்கெங்கே தேடிப் பார்க்கலாம் என்று சொல்ல முடியும்.

முதல் இடம், எழுத்து. அவன் ஊரில் ஓரிரு வருடமாவது படித்திருந்தால் இந்தியை எழுதுகிற தேவநாகரி எழுத்து தெரிந்திருக்கும். அதில் நம்முடைய ஒரே ‘க’ இருக்கிற இடத்தில் நான்கு எழுத்து தனித்தனியாக நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. அவன் நம் எழுத்துக்கு வந்து ‘பம்பரம்’ என்ற சொல்லைப் பார்க்கிறான். முதல் ‘ப’வும் நடுவில் இருக்கிற ‘ப’வும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறது, ஆனால் டீச்சர் இரண்டையும் வேறு வேறாகப் படிக்கிறார். இதை நாம் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதே இல்லை, ஏனென்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவன் இரண்டையும் ஒரே மாதிரி வாசித்தால் வகுப்பு சிரிக்கிறது, மறுநாள் முதல் அவன் வாசிப்பதில்லை. மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் ஒலி மாறும் என்று ஒரு தடவை, நான்கு சொல் எழுதிக் காட்டினால் போதும். தம்பி, பந்து, சங்கு, வண்டி. ஐந்து நிமிடம்.

அப்புறம் குறில் நெடில். இந்தியில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் குறில் தனியாகக் கிடையாது. அதனால் ‘எடு’வும் ‘ஏடு’ம், ‘கொடு’வும் ‘கோடு’ம் அவன் காதில் ஒன்றுதான். நான் ஒரு பயிற்சி ஆசிரியையின் வகுப்பை அப்சர்வேஷனுக்காகப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு ஜார்க்கண்ட் பையனிடம் கையை நீட்டி "நோட்டைக் கொடு" என்றார். அவன் அவசர அவசரமாக ஸ்கேலை எடுத்து நோட்டில் ஒரு கோடு போட்டான். வகுப்பே சிரித்தது, அவர் "விளையாடுறியா?" என்று அதட்டினார். அவன் முகம் எப்படிப் போயிற்று என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கணக்கு வகுப்பில் ‘கோடு’ என்ற சொல்லைக் கவனமாகக் கேட்டு மனதில் வைத்திருந்த பிள்ளை அவன். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்தது திட்டு.

எண்ணிலும் ஒரு சங்கதி உண்டு, கணக்கு டீச்சரான உங்களுக்கு இது பிடிக்கும். நாம் ‘இருபத்து மூன்று’ என்று பத்தை முதலில் சொல்லி ஒன்றைப் பிறகு சொல்கிறோம், எழுதுவதும் அதே வரிசை. இந்தியில் 23 ‘தேயீஸ்’, 32 ‘பத்தீஸ்’. அதாவது 23-இல் மூன்றின் சாயல் முன்னால், இருபதின் சாயல் பின்னால். 32-இல் இரண்டு முன்னால், முப்பது பின்னால். ஒடியாவிலும் வங்காளியிலும் இதே போக்குதான். (‘பத்தீஸ்’ என்று எழுதும்போதே பாருங்கள், அதன் முதல் ஒலி ‘பம்பர’த்தின் நடுவில் வருகிற ஒலி, சொல்லின் முதலில் அதைக் காட்ட நம் எழுத்தில் வழியில்லை. அவன் சிக்கல் இப்போது என் பக்கம் திரும்பிவிட்டது.) நீங்கள் வாயால் சொல்லி அவன் எழுதும்போது இலக்கம் இடம் மாறினால் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிக்காதீர்கள். ஒரு தடவை கரும்பலகையில் 23 என்று எழுதி, உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள்.

நான் சொன்ன பத்து நிமிட வேலை இதுதான். 21 முதல் 30 வரை பலகையில் எழுதி, ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் வீட்டு மொழியில் சொல்லச் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேலை என்னவென்றால், எந்த மொழியில் பத்து முன்னால் வருகிறது, எதில் ஒன்று முன்னால் வருகிறது என்று கண்டுபிடிப்பது. 29 வரும்போது இந்திப் பிள்ளை ‘உன்தீஸ்’ என்பான், அதற்கு முப்பதுக்கு ஒன்று குறைவு என்று பொருள், அங்கே ஒரு கழித்தலே ஒளிந்திருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தானாகவே பிடித்துவிடுவார்கள். வாய் திறக்காத பையனிடம் அன்றைக்குப் பதில் இருக்கும், மற்ற இருபத்து மூன்று பேரும் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் அன்று தெரியவரும். அந்த இருபத்து மூன்று பேரும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். உங்கள் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன, மூன்று நான்கு பேராவது ‘இரவை மூடு’ என்றோ ‘இப்பத்து மூரு’ என்றோ சொல்வார்கள். வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று உங்கள் கொங்குத் தமிழுக்கே முதலில் திணறியிருக்கும். பன்முகத்தன்மை என்றால் அந்தப் பதினோரு பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை அது ஒரு ‘பிரச்சினை’யாகத்தான் தெரியும்.

அடுத்து, சொற்கள். கணக்குப் புத்தகத்தின் தமிழ் வீட்டுத் தமிழும் இல்லை, கடைத்தெருத் தமிழும் இல்லை. அந்தப் பிள்ளைகள் தெருவில் கற்றுக்கொண்டு வந்த தமிழில் ‘பெருக்கு’ என்றால் துடைப்பம் எடுக்க வேண்டும். ‘கூடுதல்’ என்பது ஒரு கணக்கில் கூட்டி வந்த விடை, அடுத்த கணக்கில் ‘ஐந்து கூடுதலாக’ என்று வந்தால் அதிகம். பாடம் நடத்துமுன் அன்றைய கணக்குகளை வாசித்து, எந்தச் சொல் தெரியாவிட்டால் கணக்கே புரியாதோ அந்த நான்கைந்து சொல்லை மட்டும் பலகையின் ஓரத்தில் படத்தோடு எழுதிவிடுங்கள். இது தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தேவைப்படுகிறது, செய்து பார்த்தால் தெரியும். லாங்வேஜ் அக்ராஸ் த கரிகுலம் என்று ஒரு தாள் உங்களுக்கு இருக்குமே, யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ளாத தாள், அது சொல்ல வருவது இதைத்தான்.

ஏற்கெனவே இரண்டு பக்கமும் இருக்கிற சொற்களையும் விடாதீர்கள். ‘மீதி எவ்வளவு?’ என்று கேட்டு அவன் விழித்தால் ‘பாக்கி எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள். நம் கடைக்காரர் சொல்கிற பாக்கிதான் அவன் ஊரிலும் பாக்கி. கோணம் அவனுக்கு ‘கோண்’, கணிதம் ‘கணித்’. இப்படி ஒரு இருபது சொல் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தி கற்க வேண்டுமா என்று கேட்டீர்கள். கற்றால் நல்லது, கற்காவிட்டாலும் வேலை ஓடும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி, அந்தப் பதினோரு பேரின் வீட்டு மொழி இந்திதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பீகார்க் குடும்பம் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ பேசலாம். மேற்கு ஒடிசாவில் போலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து வந்தவர்கள் சம்பல்புரி பேசுவார்கள். ஜார்க்கண்ட் பிள்ளை சந்தாலி வீடாக இருந்தால் அவனுக்கு இந்தியே பள்ளியில் படித்த இரண்டாம் மொழி, தமிழ் மூன்றாவதோ நான்காவதோ. மைதிலியும் சந்தாலியும் 2003-இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்த மொழிகள். நாம் எல்லோரையும் ஒரே பையில் போட்டு ‘இந்தி’ என்று கட்டிவிடுகிறோம். ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டில் என்ன மொழி என்று கேட்டுப் பெயரோடு எழுதி வையுங்கள். பெயரையும் அவன் அம்மா கூப்பிடுகிற மாதிரி சொல்லப் பழகுங்கள், அதுவே பாதி வேலை.

இங்கே சிலருக்கு ஒரு நெருடல் வரும், எனக்கும் இருந்தது. நாம் இந்தித் திணிப்பை எதிர்க்கிற ஊர்க்காரர்கள், இப்போது வகுப்பில் இந்தி எண்ணைச் சொல்லச் சொல்வதா என்று. யோசித்துப் பார்த்தால் அந்த எதிர்ப்பின் அடிப்படையே ஒரு பிள்ளையின் வீட்டு மொழியைத் தள்ளிவிட்டு இன்னொன்றைத் திணிக்கக் கூடாது என்பதுதானே? அவனுக்குத் தமிழும் நன்றாக வர வேண்டும், அதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் இருக்கிறது, நான்கு வருடத்தில் அவன் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு எழுத வேண்டியவன். ஆனால் வீட்டு மொழியை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வா என்று சொன்னால் தமிழ் சீக்கிரம் வந்துவிடாது, பேச்சுதான் நின்றுபோகும். கல்வி உரிமைச் சட்டம் 29-ஆம் பிரிவில், முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. உங்கள் பள்ளியில் அதற்கு வழியில்லை, சரி. அந்த மொழியில் யோசிக்கவாவது விடலாம் அல்லவா? கணக்கைத் தன் மொழியில் முணுமுணுத்துக்கொண்டு போட்டால் போடட்டும்.

மொழிபெயர்க்கிற அந்தப் பெண்ணைப் பற்றி. அவசரத்துக்கு உதவட்டும், தினமும் வேண்டாம். அவளும் படிக்க வந்த பிள்ளை. நீங்கள் சொல்வதை அவள் பின்பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தால் அவள் கணக்கு எப்போது போடுவாள்? முக்கியமாக, ஒருவனைத் திட்டுவதையோ அவன் வீட்டு விஷயத்தையோ அவள் வாயால் சொல்ல வைக்காதீர்கள். பதினோரு வயதுப் பிள்ளை சுமக்கிற விஷயமில்லை அது.

கயிறு விஷயம். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, ஆனாலும் அந்த ஆசிரியர் எதை நினைத்துச் செய்தார் என்பதும் புரிகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலினத்து மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அந்தக் குழு கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று ஒரு பரிந்துரை உண்டு. நம் ஊரில் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது, அதனால் வந்த பரிந்துரை. அது தேவையும்கூட. ஆனால் அந்தப் பையன் கையில் இருந்தது பெரும்பாலும் பூஜையில் கட்டுகிற மௌலிக் கயிறாக இருக்கும், சிவப்பும் மஞ்சளும் கலந்த நூல், அவன் அம்மாவோ பாட்டியோ கட்டிவிட்டது. விதி எல்லோருக்கும் ஒன்று என்றால் அதுவும் வேண்டாம் என்று சொல்லலாம், தப்பில்லை. அதை வீட்டில் சொல்லி அந்த அம்மா கையாலேயே கழற்ற வைத்திருக்கலாம். வகுப்பு நடுவில் கத்தரிக்கோல் எடுத்ததுதான் தப்பு. சாதியை ஒழிக்கக் கொண்டுவந்த பரிந்துரை, நம் ஊர்ச் சாதிக் கயிறு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பையன் கையில் போய் விழுந்திருக்கிறது.

இதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும்? உங்கள் இன்டர்ன்ஷிப் மார்க்கில் அவர் கையெழுத்தும் இருக்கிறது, எனக்குத் தெரியும், சண்டைக்குப் போகச் சொல்ல மாட்டேன். ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது, "சார், அது அவங்க ஊர்ல பூஜைக்குக் கட்டுறதாம், நான்தான் அவங்கம்மாகிட்ட கேட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் சங்கடப்படத்தான் செய்வார்கள். வகுப்பில் யாராவது ‘வடக்கன்’ என்று கூப்பிட்டால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. பெரியவர்கள் போனில் பார்த்துச் சிரிக்கிற சொல்லைத்தான் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள்.

"ரெண்டு மாசத்துல போயிடும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. போவார்கள். தீபாவளி முடிந்து ஆறாவது நாள் சட் பூஜை, பீகார்க் குடும்பம் முடிந்தால் அதற்கு ஊருக்குப் போகும். ரயிலில் டிக்கெட் கிடைப்பதைப் பொறுத்து இரண்டு வாரமோ மூன்று வாரமோ ஆகும். மார்ச்சில் ஹோலி. மேற்கு ஒடிசாக்காரர்களுக்கு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாக்காய், புது அரிசிப் பண்டிகை. போனவர்கள் பெரும்பாலும் திரும்பியும் வருவார்கள், வரும்போது பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த நாட்களை உங்கள் லெசன் பிளான் நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள், அந்த வாரத்தில் புதுப் பாடம் தொடங்காதீர்கள், தேர்வு வைக்காதீர்கள். ஊருக்குப் போகிற பிள்ளையிடம் நான்கு கணக்கு எழுதிக் கொடுத்தனுப்புங்கள், திரும்பி வருவான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பது அவனுக்கும் அவன் வீட்டுக்கும் அதில் தெரியும். ஒருவேளை நிஜமாகவே இரண்டே மாதம்தான் இருப்பான் என்றால் அந்த இரண்டு மாதம் அவன் வயதில் சும்மா கழிக்கிற காலமா என்ன?

உங்களுக்கு இருக்கிற காலத்தையும் கணக்குப் பாருங்கள். 2014-இல் வந்த என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) விதிமுறையில் பி.எட். இரண்டு வருடமாகி, இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்றானது, அதில் பதினாறு இரண்டாம் வருடத்தில். எங்கள் காலத்து ஒரு வருடப் படிப்பில் இவ்வளவு அவகாசம் இருந்ததில்லை. முப்பத்து நான்கு பேரையும் கரைசேர்க்கக் கிளம்பினால் மூன்றாவது வாரமே சோர்ந்துபோவீர்கள். மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், தினமும் இரண்டு வரி. என்ன கேட்டேன், எந்த மொழியில் யோசித்தான், வாயால் சொன்னானா, வரைந்து காட்டினானா, காசு வைத்துக் காட்டினானா. ரெக்கார்டுக்குக் கேஸ் ஸ்டடி எப்படியும் எழுதத்தான் வேண்டும், போன வருட சீனியரிடமிருந்து வாங்கிப் பார்த்து எழுதுவதற்குப் பதில் இது அப்படியே ஆகிவிடும். அந்த எண் பாடத்தையே பன்முகத்தன்மை நிகழ்ச்சி என்று எழுதிவிடுங்கள். போட்டோ கேட்பார்கள், பலகையை எடுத்து ஒட்டுங்கள்.

கடைசியாக, அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். ஞாயிறுதான் கம்பெனி லீவு, ஆனால் காலையில் போகாதீர்கள், வாரத் துணியெல்லாம் அன்றைக்குத்தான் துவைப்பார்கள், லைன் வீட்டில் தண்ணீர்க் குழாயடியில் வரிசை நிற்கும். நாலரை மணிக்கு மேல் போங்கள். மொழிபெயர்க்கிற அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், கொஞ்சம் தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவர் அந்த வரிசையில் எப்படியும் இருப்பார். புகார் சொல்ல வந்த டீச்சர் என்று அந்த அம்மா பயந்துவிடுவார், அதனால் போனதும் பையன் நன்றாகச் செய்த ஏதாவது ஒன்றை முதலில் சொல்லுங்கள். அப்படி ஒன்று இன்னும் உங்கள் கண்ணில் படவில்லை என்றால், அடுத்த ஞாயிறு போய்க்கொள்ளலாம்.